காதுல ஒரு ஓட்டை

அந்த போட்டோ இன்னும் என் ஃபோன்லதான் இருக்கு. டெலீட் பண்ணிடலாம்னு நாலஞ்சு வாட்டி அது வரைக்கும் போய்ட்டு விட்டுட்டேன். டெக்சஸ்ல சான் ஆன்டோனியோவுக்கு வடமேற்கால ஒரு ரான்ச், ஜூன் மாசம், காலைல ஏழே முக்கால் இருக்கும், புல்லு மேல ஒரு ஆண் புள்ளிமான் தலையை நிமித்தி உக்காந்திருக்கற மாதிரி இருக்கும், அதுக்குப் பின்னாடி மண்டி போட்டுட்டு என் பாஸ் பல்லு முழுக்கத் தெரிய சிரிச்சுட்டிருப்பாரு. நான்தான் எடுத்தேன். சொல்லக்கூடாது, நல்லாவே எடுத்திருக்கேன், கொம்பு நுனி வரைக்கும் ஃப்ரேமுக்குள்ள இருக்கு, பின்னாடி வானம் மட்டும்தான், வேலி எங்கயும் தெரியல. ஆனா முதல்ல எடுத்த ஒரு போட்டோவுல மானோட இடது காதை ஜூம் பண்ணிப் பாத்தா பென்சில் மொத்தத்துக்கு ஒரு வட்ட ஓட்டை தெரியும். முள்ளு கிழிச்ச ஓட்டை இல்ல, சண்டைல கிழிஞ்சதும் இல்ல. கம்மல் குத்தி ரொம்ப நாள் ஆன காது மாதிரி, ஓரமெல்லாம் ஆறி, சுத்தமா வட்டமா இருந்துச்சு.

நான் அதைப் பாத்ததை கைடு பாத்துட்டாரு. ஒண்ணும் சொல்லல. விரலால அந்தக் காதை மெதுவா பின்பக்கமா மடிச்சு விட்டுட்டு, "இந்தப் பக்கத்துலேர்ந்து எடுங்க, லைட் நல்லாருக்கும்"னாரு. லைட் நெஜமாவே அந்தப் பக்கம் நல்லாத்தான் இருந்துச்சு.

முதல்லயே ஒண்ணு சொல்லிடறேன், என் பாஸ் கெட்டவர் கிடையாது. எங்கப்பா போனப்போ ஒரு கேள்வி கேக்காம மூணு வாரம் லீவு கொடுத்து, ஏர்போர்ட்டுக்கு வண்டியும் ஓட்டிட்டு வந்த மனுஷன். இந்த ட்ரிப்பும் அவர் கைக்காசுதான், டீம்ல நாலு பேரைக் கூட்டிட்டுப் போனாரு, சுடறது அவர் மட்டும், நாங்க சும்மா வேடிக்கை. அதனாலதான் ஒரு வருஷமா இதை எழுதாம இருந்தேன். எழுதலன்னாலும் அந்தக் காது விட மாட்டேங்குது.

முந்தின நாள் ராத்திரி லாட்ஜ்ல டேபிள் மேல லேமினேட் பண்ணின ரேட் ஷீட் ஒண்ணு இருந்துச்சு. ஆக்ஸிஸ், அதாவது நம்ம புள்ளிமான், கொம்பு இத்தனை இன்ச் வரைக்கும் இந்த ரேட், அதுக்கு மேல இன்னொரு ரேட். நகைக்கு கிராம் கணக்கு மாதிரி இதுக்கு இன்ச் கணக்கு. அடுத்த வரில வெளிமான். இது ரெண்டுமே இந்தியாவுல சுட்டா ஜெயில், 1972 காட்டுயிர் பாதுகாப்புச் சட்டப்படி. இங்க 1932 வாக்குல கொண்டாந்து விட்டது பெருகி, வெளிநாட்டு மிருகம்ங்கற கணக்குல சீசனும் கிடையாது, இத்தனைதான் அடிக்கணும்ங்கற லிமிட்டும் கிடையாது, வேட்டை லைசன்ஸ் ஒண்ணு இருந்தா போதும், மான் நிலத்துக்காரரோட சொத்து மாதிரிதான். ஷீட்டோட அடியில பொடி எழுத்துல ரெண்டு கண்டிஷன். ஒண்ணு, மிருகம் கிடைக்கலன்னா மிருகத்துக்கான காசு வேணாம். ரெண்டு, ரத்தம் ஒரு சொட்டு விழுந்தா முழு காசு, ஓடிப்போய் கிடைக்காட்டியும் சரி. ரெண்டாவது கண்டிஷன் நியாயமானதுதான், சொல்லப்போனா கண்டபடி சுடாம தடுக்கும். முதல் கண்டிஷன் அன்னைக்கு எனக்கு ஒண்ணும் தப்பா தெரியல. நல்ல கஸ்டமர் சர்வீஸ்னு கூட நெனச்சேன்.

காலைல இருட்டுலயே ப்ளைண்டுக்குள்ள ஏறி உக்காந்தோம். ப்ளைண்ட்னா ஏதோ இலை தழை மறைப்புன்னு நெனச்சுட்டிருந்தேன், இது காலு வச்ச ஒரு ப்ளைவுட் ரூம், தரைல கார்ப்பெட், சுத்தற சேர், பேட்டரில ஓடற ஃபேன், சத்தம் வராம நகர்ற ஜன்னல். தொண்ணூறு கஜம் தள்ளி மூணு கால் மேல ஒரு ட்ரம், அதான் ஃபீடர். டைமர் வச்சது. சரியா ஏழு மணிக்கு அதோட மோட்டார் கர்ர்ருனு சுத்தி மக்காச்சோளத்தை நாலா பக்கமும் வீசுச்சு. சத்தம் கேட்டு மானெல்லாம் வரும்னு சொன்னாங்க, ஆனா அதுங்க சத்தத்துக்கு முன்னாடியே வந்து நின்னுட்டிருந்துச்சு, பத்துப் பன்னெண்டு இருக்கும், டிஃபனுக்கு க்யூல நிக்கற மாதிரி. கைடு பைனாகுலர்ல பாத்துட்டு கிசுகிசுப்பா "இடதுலேர்ந்து மூணாவது, முப்பத்தொண்ணு இருக்கும்"னாரு. பாஸ் துப்பாக்கியை ஜன்னல் கட்டை மேல வச்சாரு. மூச்சு விடற சத்தம் கேட்டுச்சு. அப்புறம் வெடி. மான் ஒரு துள்ளு துள்ளி நாப்பது அடி ஓடி விழுந்துச்சு, மத்ததெல்லாம் சிதறுச்சு. துடிக்கல, கஷ்டப்படல, நல்ல ஷாட். நாங்க இறங்கி, கைடு அதோட வாயில இருந்த ரத்தத்தை ஈரத்துணியால துடைச்சு, வெளிய தொங்கின நாக்கை உள்ள தள்ளி வாயை மூடி, காலை மடக்கி உக்கார வச்சு, நான் போட்டோ எடுத்து முடிக்கறதுக்குள்ள ரெண்டு மான் திரும்ப சோளம் பொறுக்க வந்துடுச்சு.

கோழி கேள்வி

திரும்பி வர்ற வழில நான் உம்முனு இருக்கறதைப் பாத்துட்டு கூட வந்த நம்மாளு ஒருத்தன் கேட்டான். "மச்சி, நீ நேத்து ராத்திரி தின்ன கோழி ஆறேழு வாரம்தான்டா உயிரோட இருந்திருக்கும். வெயிலையே பாத்திருக்காது. இது அஞ்சாறு வருஷம் வானத்துக்குக் கீழ நடந்து, பொண்டாட்டி புள்ளைன்னு இருந்து, ஒரே செகண்டுல போச்சு. உனக்கு சாய்ஸ் குடுத்தா எதுவா பொறப்ப?" என்கிட்ட பதில் இல்ல. இன்னைக்கும் இல்ல. நான் கறி தின்றவன், கொல்றதே பாவம்னு பேச எனக்கு அருகதை கிடையாது. அவன் சொன்னது சரி, ஆனா எனக்கு உறுத்தினது அது இல்ல, எது உறுத்துதுன்னு எனக்கே தெரியாததால அவன்கிட்ட சொல்லவும் முடியல. ஏசியை கூட்டி வச்சுட்டு படுத்துட்டேன்.

கொஞ்சம் புரிஞ்சது அதே வருஷம் அக்டோபர்ல.

எங்க பக்கத்து வீட்டுப் பெரியவர், தபால் டிபார்ட்மென்ட்ல ரிட்டயர் ஆனவர், வருஷா வருஷம் கொலராடோவுக்கு எல்க், அதாவது ரொம்பப் பெரிய மான் வகை, அதை வேட்டையாடப் போவாரு. கைடு கிடையாது, லாட்ஜ் கிடையாது, அரசாங்கக் காடு, ஒரு கூடாரம், ஒரு பழைய துப்பாக்கி. வெளி மாநிலத்துக்காரங்களுக்கு டேக், அதாவது ஒரு எல்க் சுடற பெர்மிட், அது மட்டும் எழுநூறு டாலருக்கு மேல, அதுவும் அவர் கேட்ட ஏரியாவுக்கு குலுக்கல்ல வரணும், வராத வருஷத்துக்குக் கிடைக்கற பாயிண்டை நாலு வருஷம் சேத்து அந்த வருஷம்தான் வந்துச்சு. கூடப் போற மச்சான் முட்டி ஆபரேஷன்ல படுத்துட்டதால மூட்டை தூக்க ஒரு ஆள் வேணும்னாரு. நான் ஏன் சரின்னேன்னு இன்னும் தெரியல. என் வைஃப் "ஏங்க, அந்த மானைப் பாத்துட்டு வந்து ரெண்டு வாரம் மூஞ்ச தூக்கி வச்சுட்டு இருந்தீங்க, இப்ப இது வேறயா?"னு கேட்டா. நியாயமான கேள்வி.

பத்தாயிரம் அடி உயரம். முதல் நாள் நூறு அடி ஏறினா நின்னு மூச்சு வாங்கணும் எனக்கு. அவர் அறுபத்தேழு வயசுல ஆடு மாதிரி ஏறிட்டு போறாரு. சட்டத்துக்காக ரெண்டு பேரும் பளிச்சுனு ஆரஞ்சு சட்டை. அவர் பாக்கெட்ல சின்ன ப்ளாஸ்டிக் பாட்டில் ஒண்ணு, உள்ள பவுடர், பத்து நிமிஷத்துக்கு ஒருவாட்டி அதை அமுக்கி காத்து எந்தப் பக்கம் போகுதுன்னு பாப்பாரு. காத்து நம்ம முதுகுலேர்ந்து அடிச்சா அவ்ளோதான், அரை மைல் தள்ளி இருக்கற எல்க் கூட வாசனை புடிச்சு கிளம்பிடும். ரெண்டு வாட்டி அப்படித்தான் ஆச்சு, நாங்க பாத்தது புழுக்கை மட்டும், அதுவும் சூடா. மூணாவது நாள் பனி. சோளம் போட்டு வைக்கறதெல்லாம் அந்த மாநிலத்துல சட்ட விரோதம், அதனால எல்க் எங்க இருக்கும்னு நாமதான் யோசிக்கணும், அதுக்கு என்ன பசி, எங்க தண்ணி, எந்தச் சரிவுல வெயில் முதல்ல விழும்னு. அந்த மனுஷன் நாலு நாளா எல்க் மாதிரியே யோசிச்சுட்டிருந்தாரு, என்கிட்ட பேசினது கம்மி.

நாலாவது நாள் சாயந்திரம் கிடைச்சுது. ஒரு புல்வெளியோட ஓரத்துல நாங்க மரத்தை ஒட்டி படுத்திருக்கோம், எதிர்ச் சரிவுலேர்ந்து பொட்டை எல்க் ஏழெட்டு இறங்குச்சு, கடைசியா ஒரு கடா. அவ்ளோ பெருசை நான் பாத்ததே இல்ல, கொம்பு பின்பக்கமா முதுகு வரைக்கும் சாஞ்சு கிடக்கு, மூச்சு புகையா வருது. இருநூத்தி சொச்சம் கஜம். காத்து எங்க மூஞ்சில அடிக்குது. அவர் துப்பாக்கியை பை மேல சாச்சு ரெடியாயிட்டாரு. ஆனா கடாவுக்கு நேர் பின்னாடி ஒரு பொட்டை நிக்குது. சுட்டா குண்டு துளைச்சுட்டுப் போய் அதையும் காயப்படுத்தும். காத்திருந்தோம். அது நகரல. புல்லு மேஞ்சுட்டே நிக்குது. வெளிச்சம் மஞ்சளாகி, சாம்பலாகி, எனக்கு விரல் நுனி மரத்துப் போச்சு. எவ்ளோ நேரம்னு தெரியல, இருபது இருபத்தஞ்சு நிமிஷம் இருக்கும், கடைசில அந்தப் பொட்டை ரெண்டு எட்டு முன்னாடி வச்சுது. கடா தனியா, பக்கவாட்டுல, சித்திரம் மாதிரி நிக்குது. எனக்கு காதை பொத்திக்கணும்னு தோணுச்சு.

அவர் சுடல. மணிக்கட்டைத் திருப்பி வாட்சைப் பாத்தாரு. சூரியன் மறைஞ்சு அரை மணி நேரம் வரைக்கும்தான் சுடலாம், அது சட்டம். நாலு நிமிஷம் தாண்டியிருந்துச்சு. கண்ணுக்கு கடா தெளிவா தெரியுது, ஸ்கோப்ல இன்னும் தெளிவா தெரியும். சுத்தி எத்தனையோ மைலுக்கு ஆளு கிடையாது, என்னைத் தவிர, எனக்கு அந்த ரூலே அவர் சொல்லித்தான் தெரியும். அவர் போல்ட்டைப் பின்னாடி இழுத்து குண்டை உருவி பாக்கெட்ல போட்டாரு. அப்புறம் ஒரு கெட்ட வார்த்தை சொன்னாரு, அந்தக் கடாவுக்கு இல்ல, நகராம நின்ன பொட்டைக்கு. ஞானி மாதிரி சிரிச்சாருன்னு எழுதினா நல்லாருக்கும், ஆனா மனுஷன் கொதிச்சுட்டிருந்தாரு. கூடாரத்துக்கு வர்ற ரெண்டு மணி நேரமும் ஒரு வார்த்தை இல்ல. படுக்கறப்போ மட்டும் "ஒரு அஞ்சு நிமிஷம் முன்னாடி நகர்ந்திருக்கலாம் சனியன்"னாரு. மறுநாள் ஒண்ணும் மாட்டல. வெறுங்கையோட பதினாலு மணி நேரம் வண்டி ஓட்டிட்டு வந்தோம். அந்த மாநிலத்துல எல்க் வேட்டைக்குப் போறவங்கள்ல ஏறக்குறைய அஞ்சுல ஒருத்தருக்குத்தான் கிடைக்கும்னு வழில சொன்னாரு, சொல்லும்போது கொஞ்சம் பெருமை கூட இருந்துச்சு.

கட்டிப் போட்ட கரடி

ஃபேர் சேஸ்னு இவங்க சொல்ற விஷயம் இதுதான். தமிழ்ல ஒரே வார்த்தைல சொல்ல வரல, நேர்மையான துரத்தல்னு சொன்னா ஏதோ போலீஸ் கதை மாதிரி இருக்கு. 1887ல தியோடர் ரூஸ்வெல்ட்டும் ஜார்ஜ் பேர்ட் கிரின்னலும் ஆரம்பிச்ச பூன் அண்ட் க்ராக்கெட் க்ளப்தான் இதை ஒரு கொள்கையா எழுதி வச்சுது. மிருகம் காட்டுல சுதந்திரமா திரியணும், வேட்டைக்காரனுக்கு அநியாயமான சாதகம் இருக்கக்கூடாது, சுருக்கமா அவ்ளோதான். உயர வேலிக்குள்ள அடிச்ச எதையும் அவங்க ரெக்கார்ட் புக்குல சேக்க மாட்டாங்க. அநியாயமான சாதகம் எதுன்னு மட்டும் சண்டை முடியவே முடியாது. அலாஸ்காவுல ப்ளேன்ல பறந்த அன்னைக்கே பெரிய மிருகத்தை சுடக்கூடாது, அரிசோனாவுல 2022லேர்ந்து வேட்டைக்காக காட்டுல கேமரா கட்டி வைக்கக்கூடாது, மொன்டானாவுல 2000ல ஓட்டெடுப்பு வச்சு பண்ணைக்குள்ள காசு வாங்கிட்டு சுட விடறதையே நிறுத்திட்டாங்க. டெக்சஸ்ல எட்டடி வேலி, ஃபீடர், சுத்தற சேர் எல்லாம் ஓகே.

ரூஸ்வெல்ட் கதை எல்லாருக்கும் தெரியும், டெடி பேர் வந்த கதை. 1902 நவம்பர், மிசிசிப்பி, கரடியை மரத்துல கட்டி வச்சுட்டு ப்ரெசிடென்டை சுடச் சொன்னாங்க, இது ஒரு வேட்டையான்னு மறுத்துட்டாரு, கார்ட்டூன் வந்துச்சு, பொம்மை வந்துச்சு. நான் அந்தக் கதையை மறுபடி தேடிப் படிச்சப்போ ரெண்டு விஷயம் முள்ளு மாதிரி குத்துச்சு. அந்தக் கரடியைப் புடிச்சவர் ஹோல்ட் காலியர், அடிமையா பொறந்த கறுப்பின வேட்டைக்காரர், அந்தக் காட்டுல அவரை மிஞ்ச ஆள் கிடையாது. ப்ரெசிடென்டை ஒரு எடத்துல நிக்க வச்சுட்டு, நாய்களோட கரடியை மணிக்கணக்கா விரட்டி சரியா அந்த எடத்துக்குக் கொண்டு வந்தாரு, ஆனா ப்ரெசிடென்ட் அதுக்குள்ள கேம்புக்கு சாப்பிடப் போயிட்டாரு. கரடி நாயைக் கொல்லவும் காலியர் துப்பாக்கிக் கட்டையால அதை அடிச்சு, கயிறு போட்டுக் கட்டினாரு. வேட்டைன்னு ஒண்ணு அன்னைக்கு நடந்திருந்தா அதைச் செஞ்சவர் அவர்தான். இன்னொண்ணு, ரூஸ்வெல்ட் மறுத்ததால கரடி பொழைக்கல. அடிபட்டுக் கிடந்ததால கொன்னுடச் சொல்லிட்டாரு, கத்தியால முடிச்சாங்க. நேர்மை அவருக்குக் கிடைச்சுது, சாவு கரடிக்குக் கிடைச்சுது.

இதை யோசிச்சா ஃபேர் சேஸே ஒரு ஏமாத்து வேலையோன்னு தோணும். யாருக்கு ஃபேர்? ரான்ச்ல அந்த மான் ஒரே குண்டுல போச்சு, தொண்ணூறு கஜம், சேர்ல உக்காந்து, கை நடுங்காம. காட்டுல மூச்சு வாங்கிட்டு, குளிர்ல, சரிவுல படுத்து சுடறவன் தப்பா சுட சான்ஸ் அதிகம், அப்ப அந்த மிருகம் காயத்தோட எங்கயோ போய் மெதுவா சாகும். 2015ல ஜிம்பாப்வே ஹ்வாங்கே பக்கத்துல செசில்ங்கற சிங்கம் செத்தப்போ உலகமே கொதிச்சுது, அதுல ஒரு விஷயத்தை யாரும் பெருசா பேசல. அந்த அமெரிக்கப் பல் டாக்டர் சுமார் 50,000 டாலர் கொடுத்துட்டு, துப்பாக்கி வேணாம், வில்லு அம்புல அடிக்கறேன்னு போனவரு. வில்லுதான் கஷ்டம், வில்லுதான் வீரம்னு ஒரு கணக்கு. செத்த யானையை இரையா வச்சு வரவழைச்சு, அம்பு பாஞ்ச சிங்கம் மணிக்கணக்கா காயத்தோட கிடந்து, அப்புறம்தான் முடிச்சாங்க. வேட்டைக்காரன் தனக்குத்தானே வச்சுக்கற கஷ்டத்துக்கு மிருகம்தான் வட்டி கட்டுது. இதுக்கும் என்கிட்ட பதில் இல்ல.

காசு காட்டைக் காப்பாத்துதா?

இந்தப் பேச்சை எடுத்தாலே நமீபியாவைக் கொண்டு வருவாங்க. கொண்டு வரணும்தான், ஏன்னா அது பொய் இல்ல. 1996ல சட்டத்தை மாத்தி கிராம மக்களுக்கே மிருகங்க மேல உரிமை கொடுத்தாங்க, இப்ப 80க்கு மேல அந்த மாதிரி கிராமக் காப்புப் பகுதிங்க இருக்கு, வேட்டைக் காசுல ஒரு பங்கு அவங்களுக்குப் போகுது. யானை ராத்திரி வந்து வருஷத்து சோளத்தை மிதிச்சுட்டுப் போனா அந்த யானையால ஏதாவது வரும்படி இருக்கணும், இல்லன்னா விஷம்தான் வைப்பாங்க. போட்ஸ்வானா 2014ல வேட்டையை நிறுத்திட்டு 2019ல திரும்ப ஆரம்பிச்சுது, அங்க யானை மட்டும் 1,30,000 கிட்ட. கென்யா 1977லயே தடை போட்டுட்டாங்க, அதுக்கப்புறமும் அங்க காட்டு மிருகங்க பெரிய அளவுல குறைஞ்சுதான் போச்சு, மேய்ச்சலும் வேலியும் ஜனத்தொகையும் பண்ணின வேலை. மாடியில உக்காந்து ஃபோன்ல திட்டறவனுக்கு இதெல்லாம் தெரியறதில்ல, நானும் 2015ல திட்டினவன்தான்.

ஆனா இதுல ஒரு வேடிக்கை இருக்கு, அது புரிய எனக்கு ரொம்ப நாள் ஆச்சு. 2014 ஜனவரில டல்லாஸ்ல ஒரு க்ளப் நமீபியாவோட கறுப்புக் காண்டாமிருகம் ஒண்ணை சுடற பெர்மிட்டை ஏலம் விட்டுச்சு, 3,50,000 டாலருக்குப் போச்சு. 2004லேர்ந்து சைட்டிஸ்ங்கற சர்வதேச காட்டுயிர் வியாபார ஒப்பந்தப்படி நமீபியாவுக்கு வருஷத்துக்கு அஞ்சு சுட அனுமதி. எந்தக் காண்டாமிருகம்னு வேட்டைக்காரர் முடிவு பண்ண முடியாது, இனப்பெருக்கம் முடிஞ்சு, இளசுகளைக் குத்திக் கொல்ற கிழட்டு ஆணா பாத்து அரசாங்கம் சொல்லும். தடம் பாத்துப் போற ட்ராக்கர் கூட்டிட்டுப் போவாரு. காசு அந்த ஊர் காட்டு நிதிக்குப் போகும். அதாவது காட்டுக்கு உபயோகமான வேட்டைன்னு நெஞ்சைத் தொட்டு சொல்லக்கூடிய ஒண்ணு, துரத்தல்னு பாத்தா கிட்டத்தட்ட ஒண்ணுமே இல்ல. எங்க பெரியவரோட எல்க் வேட்டை துரத்தல்னு பாத்தா பத்துக்குப் பத்து, ஆனா டேக் காசு, துப்பாக்கி தோட்டா மேல போட்டு 1937 சட்டப்படி காட்டுயிர் வேலைக்குப் போற பதினோரு பர்சன்ட் வரி, இதைத் தாண்டி அவரால காட்டுக்குப் பெருசா ஒண்ணும் வந்துடல. ரெண்டும் வேற வேற தராசு. ட்ரோஃபி வேட்டைக்காரங்க, அதாவது கொம்பையும் தலையையும் சுவத்துல மாட்டறதுக்காக சுடறவங்க, ஒரு தராசுல நின்னுட்டு இன்னொரு தராசோட எடையைக் காட்டறாங்க. "நான் வீரன்"னு கொம்பை மாட்டறாங்க, கேள்வி கேட்டா "நான் காட்டுக்கு டொனேஷன் கொடுத்தவன்"னு சொல்றாங்க. டொனேஷன் கொடுத்தவன் ரசீதைத்தானே ஃப்ரேம் போடணும்.

டெக்சஸ் ரான்ச்காரங்களும் இதே பாட்டுதான், அதுலயும் பாதி உண்மை இருக்கு. சஹாரா ஓரத்துல இருந்த வாள்கொம்பு ஓரிக்ஸ்ங்கற மான் வகை காட்டுல அழிஞ்சே போச்சுன்னு 2000ல அறிவிச்சாங்க, அப்ப டெக்சஸ் வேலிக்குள்ள மட்டும் ஆயிரக்கணக்குல இருந்துச்சு, வேட்டைக்குன்னு வளத்தது. 2016லேர்ந்து சாட் நாட்டுல திரும்ப கொண்டு போய் விட்டிருக்காங்க, பல எடத்துலேர்ந்து சேத்த மந்தை அது. சரி, நல்ல விஷயம். அதே வேலிங்களுக்காகத்தான் மொன்டானாவுல எண்பது தாண்டின ஒரு ரான்ச்காரர் கிர்கிஸ்தான்லேர்ந்து மார்கோ போலோங்கற பெரிய காட்டு ஆட்டோட சதையைத் திருட்டுத்தனமா கொண்டாந்து க்ளோன் பண்ணி, அதை வச்சு ராட்சச கலப்பு ஆடு உண்டாக்கி வித்தாரு, 2024ல ஆறு மாசம் உள்ள போட்டாங்க. கொம்பு இன்ச்சுக்கு ரேட்டுன்னு ஷீட் போட்டா எவனோ ஒருத்தன் இன்ச்சைத் தயாரிக்க ஆரம்பிச்சுடறான்.

யானைக்குக் குறி வச்சுத் தப்பின வேலு, முயலைக் குத்தின அம்பை விட ஒசத்தின்னு நாம ஸ்கூல்லயே ஒப்பிச்சிருக்கோம். நான் அதை ரொம்ப நாள் யானை பெருசு முயல் சின்னதுன்னே புரிஞ்சு வச்சிருந்தேன், பெருசுக்கு ஆசைப்படுன்னு. ட்ரோஃபிக்காரங்களும் அப்படித்தான் புரிஞ்சுப்பாங்க. கொலராடோவுக்கு அப்புறம்தான் தப்பினங்கற வார்த்தை கண்ணுல பட்டுச்சு. அந்த வேலு தப்பியிருக்கு. தப்பற சான்ஸ் இருக்கறதாலதான் அது கையில இருக்கறது அழகு. ரேட் ஷீட்டோட அடியில பொடி எழுத்துல இருந்த முதல் கண்டிஷன், மிருகம் கிடைக்கலன்னா காசு வேணாம்ங்கறது, அதுல வித்தது மானை இல்ல. தப்பற சான்ஸை எடுத்துடறதுக்குத்தான் காசு. வெறுங்கையோட பதினாலு மணி நேரம் வண்டி ஓட்டிட்டு வர வேணாம்ங்கறதுக்கு. வேலி, ஃபீடர், டைமர், அந்த ஓட்டைல முன்னாடி மாட்டியிருந்த பண்ணை அடையாள டேக் எல்லாமே அதுக்குத்தான். மானுக்கு ரெண்டும் ஒண்ணுதான், சரி. ஆனா பெரியவர் வாட்சைப் பாத்த அந்த நாலு நிமிஷம் மானுக்காக இல்ல, அது எனக்கு நல்லாவே தெரியுது. அந்த எல்க்கை அடுத்த வாரம் வேற யாராவது சுட்டிருக்கலாம், குளிர்ல செத்திருக்கலாம். தன்னால முடியும்போது முடியாதுன்னு வச்சுக்கறது என்ன மாதிரி விஷயம்னு எனக்குப் பேர் தெரியல, ஆனா அது சுத்தற சேர்ல கிடைக்காதுன்னு மட்டும் சொல்லுவேன்.

கைடுங்க மேல எனக்குக் கோவம் இல்லங்கறதையும் சொல்லிடறேன். அந்த ரான்ச் கைடுக்கு இருபத்தஞ்சு வயசு கூட இருக்காது, முந்தின நாள் ராத்திரி எல்லாரும் தூங்கினப்புறம் வெளிய பேசிட்டிருந்தோம், அவன் லீவு கிடைச்சா அரசாங்கக் காட்டுக்குத் தனியா வில்லோட போவானாம், மூணு வருஷமா ஒண்ணும் கிடைக்கலையாம். அதைச் சொல்லும்போது அவன் முகத்துல இருந்த வெளிச்சம் மறுநாள் பாஸுக்கு கை கொடுத்தப்போ இல்ல.

இந்த வருஷம் மே மாசம் பாஸ் வீட்டுல ஒரு விருந்து. மான் தலை அதைப் பாடம் பண்ற டாக்ஸிடெர்மிஸ்ட்கிட்டேர்ந்து வந்து ஒரு வாரம் ஆச்சாம், ஏறக்குறைய ஒரு வருஷம் ஆக்கிட்டாங்கன்னு அலுத்துக்கிட்டாரு. ஹால்ல ஃபயர்ப்ளேஸுக்கு மேல மாட்டியிருந்துச்சு, தனியா ஒரு லைட் போட்டு. கழுத்தை லேசா திருப்பி, ஏதோ சத்தம் கேட்டு நிமிந்த மாதிரி வச்சிருந்தாங்க, காது ரெண்டும் முன்பக்கமா வெறச்சுட்டு நின்னுச்சு. நான் கூல் ட்ரிங்க் க்ளாஸோட கிட்டப் போய் இடது காதைப் பாத்தேன். ஓட்டை இல்ல. ஏதோ வச்சு அடைச்சு, மேல ஒவ்வொரு முடியா ஒட்டியிருக்கணும், அவ்ளோ நேர்த்தியான வேலை, எந்த எடம்னு விரலை வச்சுக் காட்டக்கூட என்னால முடியல.

பின்னாடி வந்து நின்னு பாஸ் "எப்படி இருக்கு?"னு கேட்டாரு.

"நல்லா பண்ணியிருக்காங்க"ன்னேன்.